சட்டைப்பையில் மூன்று பீஸ் கட்டைகள்

என் வீட்டுக்காரர் கிணற்று மோட்டார் மெக்கானிக். காளவாசலுக்கு மேற்கே வயக்காட்டில் எந்த மோட்டார் மக்கர் பண்ணினாலும் முதல் போன் அவருக்குத்தான் வரும். தனியாகத்தான் போவார். துணைக்கு ஒரு ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். "ரெண்டு பேரு போனா வேலையவிடப் பேச்சுதான் அம்புட்டும் நடக்கும்" என்பார். அப்படி ஒரு பிடிவாதம்!

அவருக்கு இருந்த ஒரே பாதுகாப்பு அந்தப் பீஸ் கட்டைகள்தான். கிணற்றில் இறங்கும் முன்னால் மோட்டார் ரூமுக்குப் போய் மூன்று கட்டையையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். கட்டை இல்லாவிட்டால் கரண்ட் கிணற்றுக்குள் போகாது. "என் உசுரு என் பையில இருக்கு. நீ எதுக்குப் பதறுற?" என்று பையைத் தட்டிக் காட்டுவார். பீங்கான் கனத்தில் எல்லாச் சட்டையிலும் பை கிழிந்து தொங்கும். தைத்துப் போடுவது என் வேலை.

ஒரு சித்திரை மாதம் அவர் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் அன்றைக்குப் போக வேண்டிய தோட்டத்தில் கொடுத்துவிட்டு வரலாம் என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அது ஒரு மல்லிகைத் தோட்டம். மாட்டுத்தாவணிக்குப் பூ அனுப்புகிற பெரியவருடையது. மோட்டார் ஓடுகிறது, ஆனால் சூடாகிறது என்று அவர்தான் கூப்பிட்டிருந்தார். சாயங்காலம் வருவதாகப் பேச்சு. இந்த மனுசன் வழியில் இருந்த இன்னொரு வேலை சீக்கிரம் முடிந்ததென்று உச்சிவெயிலிலேயே போய், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கியிருக்கிறார்.

நான் வரப்பில் நடந்து போகும்போது பெரியவர் வீட்டுப் பக்கமிருந்து வேகமாக வந்தார். கையில் புதுப் பீஸ் கட்டைகள்.

"பாத்தியாத்தா அநியாயத்த! மூணு பேஸ் கரண்டு வந்து பல்பு எரியுது, ஸ்டார்ட்டரப் போடலாம்னு போனா கட்டையக் காணோம். களவாணிப்பய புடுங்கிட்டுப் போயிட்டான். நல்லவேளை, வீட்டுல வேற கட்டை கெடந்துச்சு."

அவர் நினைத்ததில் தப்பே இல்லை. எங்கள் பக்கம் வயர் போகும், மூடி போகும், காப்பர் என்றால் சுவரைப் பெயர்த்தும் எடுப்பார்கள். கட்டையைக் காணோம் என்றால் யாருக்கும் முதலில் களவுதான் தோன்றும். நானும் ஐயோ பாவம் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் முன்னால் போய்விட்டார். அப்போதுதான் கிணற்றுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் என் வீட்டுக்காரர் வண்டி நிற்பதைப் பார்த்தேன்.

களவு போன கட்டை யார் பையில் இருக்கிறது என்று உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாக ஓடினேன்.

"அண்ணே, போடாதீங்க! களவு இல்லண்ணே! அவரு உள்ள இருக்காரு!"

மோட்டார் ரூமில் சிவப்புப் பல்பு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு கட்டை போட்டாகிவிட்டது. மூன்றாவதை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். மனுசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "என்னையக் கொலைகாரனாக்கப் பாத்தானே உம் புருசன்" என்று அழுதார்.

கீழே ஈரத்தில் நின்று வெறும் வயரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவர், ஏறி வந்து விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். பையைத் தட்டி, "அதான் கட்டை என்கிட்ட இருக்குல்ல" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஊருக்கே அந்த மூணு கட்டைதானா? எந்த வீட்டுல வேற கட்டை இல்ல?" என்று பெரியவர் முன்னாலேயே கத்தினேன். அவர் சிரிப்பு நின்றது.

அன்றைக்கே ஒரு அட்டையை வெட்டி, 'ஆள் கிணற்றுக்குள். போடாதீர்கள்' என்று பெரிதாக எழுதி, கீழே என் நம்பரைப் போட்டு, கயிறு கோர்த்துக் கொடுத்தேன். ஸ்டார்ட்டரில் மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

"நாலு பேரு சிரிப்பான்."

"சிரிக்கட்டும். நாலு பேரு வந்து நடுவீட்டுல உக்காந்து அழுகாம இருந்தாச் சரி."

முனகிக்கொண்டே எடுத்துப் போனார்.

போன மாதம், அரிசி களைந்துகொண்டிருக்கும்போது புது நம்பரிலிருந்து போன்.

"அம்மா, மெக்கானிக் வீடுதானே? இங்க ஒரு அட்டை தொங்குது, ஆளக் காணோம். சட்டை மட்டும் மரத்துல கெடக்கு. மறந்துட்டுப் போயிட்டாரு போல. பையில கட்டை மூணும் இருக்கு. கரண்டும் வந்திருச்சு, எடுத்துப் போட்டுக்கிறவா?"

வெக்கைக்குச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கியிருக்கிறார். முந்தின நாள்தான் அந்தப் பைக்கு நான் இரட்டைத் தையல் போட்டிருந்தேன்.

"தொடாதீங்க! கிணத்து மேட்டுல நின்னு கூப்புட்டுப் பாருங்க. போன வச்சிராதீங்க."

கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். எங்கோ ஆழத்திலிருந்து, "இந்தா வாரேண்ணே, இன்னும் கொஞ்ச நேரம்" என்ற குரல் வந்தது. நான் அரிசித் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் எல்லாச் சட்டையிலிருந்தும் பையைப் பிரித்தெடுத்து, அவர் போடுகிற டவுசர்களில் தைத்தேன். இப்போது அதைப் போட்டுக்கொண்டுதான் இறங்குகிறார். ஆனால் இன்றைக்கும் தனியாகத்தான் போகிறார். புது நம்பரிலிருந்து போன் வந்தால் நான் ஹலோ சொல்வதில்லை. "போடாதீங்க" என்றுதான் எடுக்கிறேன்.