வரேக்க எடுப்பம்

“கடிதம் வாசிக்கிறதுக்கு ஒரு டிகிரியோ?”

நான் பல்கலைக்கழகம் போகப் போகிறேன் என்று சொன்ன நாளில் என் சின்னம்மா கேட்ட கேள்வி இது. கேலிதான். ஆனால் கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கவுன்சில் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம், பெனிபிட் என்கிற அரச உதவிப் பணக் கடிதம் — பத்து வயதிலிருந்தே எல்லாவற்றையும் வாசித்து அர்த்தம் சொல்வது என் வேலை. இன்றைக்கும் ஹரோவில் எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும், தேத்தண்ணி வருவதற்கு முன்னால் கடித உறைகள் வந்துவிடும்.

அதில் எனக்குப் பெருமை. மறைப்பானேன்?

அந்தப் பெருமையால் போன மாதம் ஒரு பெண்ணைக் கொன்றிருப்பேன். மிகைப்படுத்தவில்லை. ஒரு முழ இடைவெளி... அவ்வளவுதான்.

ரூபன் அண்ணை என் பெரியப்பாவின் மகன். பெயரை மாற்றியிருக்கிறேன், ஏன் என்று போகப்போகப் புரியும். பார்சல் வேன் ஓட்டுகிறார். இந்த நாட்டுக்கு வந்து பதினாறு வருடம் கழித்து, இப்போதுதான் பிரிட்டிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார். படிவத்தை நிரப்பியது — வேறு யார்? — நான்தான். ‘நல்ல நடத்தை’ என்று அதில் ஒரு பகுதி உண்டு. அதை வாசித்துக் காட்டி, “முடிவு வரும்வரைக்கும் ஒரு பிரச்சினைக்கும் போகாதேங்கோ அண்ணை” என்று எச்சரித்திருந்தேன்.

அன்றிலிருந்து மனிதர் இருபது மைல் வேகத் தெருவில் பதினெட்டில் போகிறார். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள். “அடிக்கட்டும். அவை பாஸ்போட் உள்ள ஆக்கள்” என்பார்.

அப்படி அடங்கிக் கிடந்த மனிதர் பழைய ஃபோர் பை ஃபோர் ஒன்றை வாங்கினார். சேற்றிலும் மேட்டிலும் வண்டி ஏறும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. “றோட்டில ஓடத்தானே பயம்? காட்டுக்குள்ள ஆர் கமரா வைச்சிருக்கிறான்?” என்று கேட்டார். சில்டர்ன் குன்றுகளில் வாகனம் போக அனுமதி உள்ள மண் பாதைகள் இருக்கின்றனவாம். ‘பைவே’ என்று பலகை இருந்தால் போகலாம் என்று கூட வேலை செய்கிறவர் சொல்லியிருக்கிறார்.

ஒரு ஞாயிறு காலை புறப்பட்டோம். அண்ணை, அவர் மனைவி சுதா அண்ணி, பின் சீட்டில் நான். தமிழ்க் கடையில் வாங்கிய சூடான ரோல்ஸ் ஒரு பை நிறைய.

முதல் பாதை நன்றாகவே போயிற்று. சேறு தெறித்தது, அண்ணை சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. இன்னொரு பாதை வாய் தெரிந்தது. பாசி பிடித்த ஒரு மரப் பலகை. அண்ணை வண்டியை நிறுத்தினார்.

“பிள்ளை, வாசிச்சுச் சொல்லு.”

கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன். பி என்று தொடங்கி, வே என்று முடிந்தது. ஆனால் நடுவில் இருந்தது வேறு. பிரைடில்வே.

அந்தச் சொல் எனக்குத் தெரியாது.

“பிரைடல் வேயோ? கலியாணப் பொம்பிளை போற பாதையாக்கும்” என்றார் அண்ணி. மூவரும் சிரித்தோம். போனை எடுத்துப் பார்த்தேன், சிக்னல் இல்லை. அண்ணை ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார்.

ஒரு சொல் போதும் — ‘தெரியாது’. ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லிப் பழக்கமில்லாத ஒரே ஆள் நான்தான். மற்றவர்கள் எல்லாரும் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்லித்தானே என்னிடம் வருகிறார்கள்?

“ரெண்டும் ஒண்டுதான் அண்ணை. வே எண்டா வழி. போங்கோ” என்றேன்.

போனோம்.

கொஞ்ச தூரத்தில் பாதை அகன்ற இடத்தில் நிறுத்தி ரோல்ஸ் சாப்பிட்டோம். மிச்சமிருந்த எண்ணெய்க் கடதாசிகளையும் வெற்றுப் பெட்டிகளையும் அண்ணி கடைப் பைக்குள் போட்டு, வண்டிக்குள் ஏறப் பார்த்தார்.

“அதை உள்ள கொண்டு வராத! சீட்டெல்லாம் எண்ணெய் பிரளும்” என்றார் அண்ணை. சீட்டுகளைப் போன கிழமைதான் ஷாம்பு போட்டுக் கழுவியிருந்தார்.

அண்ணி பையை ஒரு புதர்க் கிளையில் கட்டினார். “இப்பிடியே இருக்கட்டும். வரேக்க எடுப்பம்.”

வீசி எறியவில்லை பாருங்கள். கட்டித்தான் வைத்தார். எங்களில் யாரும் குப்பை போடுகிற ஆட்களே இல்லை! வண்டிக்குள் ஏறும்போது சப்பாத்தைத் தட்டிவிட்டு ஏறுகிறவர்கள் நாங்கள். உள்ளே சுத்தம், வெளியே... வரேக்க எடுப்பம்.

அதற்குப் பிறகு பாதை ஒடுங்கிற்று. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மண் கரை. கரையிலிருந்து வேர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கீழே பால் தேத்தண்ணி நிறத்தில் சுண்ணாம்புச் சேறு. டயர் சுழன்று, வழுக்கி, வண்டி என் பக்கம் சரிந்தது. கண்ணாடிக்கு வெளியே மண் மட்டும் தெரிந்தது. கதவைத் திறக்க முடியாது. திருப்ப இடமில்லை. அண்ணி கந்தசஷ்டி சொல்லத் தொடங்கிவிட்டார்.

வண்டி ஒருவாறு நிமிர்ந்தபோது, முன்னால் ஒரு கம்பத்தில் சின்ன வட்டப் பலகை. அதில் குதிரையும் அதன் மேல் ஆளும். கீழே, எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாத ஆங்கிலத்தில்: மோட்டார் வாகனங்களுக்குத் தடை. மீறினால் குற்றம்.

பிரைடில் — கடிவாளம்! நடக்கிறவர்களும் சைக்கிளும் குதிரையும் போகும் பாதை. மணப்பெண்ணும் இல்லை, பைவேயும் இல்லை.

என் கண்ணுக்குள் வந்தது அந்தப் படிவம்தான். நல்ல நடத்தை. நான் என் கையாலேயே நிரப்பிய பக்கம்.

“அண்ணை... இது குதிரைப் பாதையாம். வாகனம் வரக் கூடாதாம்.”

“என்ன?”

“பின்னுக்கு எடுங்கோ. ஆரும் பாக்க முந்திப் போவம்.”

அண்ணையின் கழுத்தில் வேர்வை. ரிவர்ஸ் போட்டார். நான் இறங்கி, பின்னால் நின்று கையைக் காட்டினேன். டயர் கரையை அரைத்துக்கொண்டு வந்தது. மண் பொலபொலவென்று சரிய, உள்ளேயிருந்து வெள்ளை வெள்ளையாகக் கிழங்குகள் உருண்டன. கண்ணாடிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த அண்ணி, “சின்ன வெங்காயமோ?” என்றார். வசந்தத்தில் காட்டை நீலமாக்கும் புளூபெல் பூக்களின் கிழங்கு அவை. அதையும் நான் பிறகுதான் தேடித் தெரிந்துகொண்டேன்.

பை கட்டிய இடம் தெரிந்தது. ‘அப்பாடா’ என்று நினைத்தேன்.

அப்போது பைக்கு அப்பால் ஒரு குதிரை வந்தது.

கபில நிறம். மேலே ஹெல்மெட் போட்ட ஒரு பெண். என் அம்மாவின் வயது இருக்கும். எங்களைக் கண்டதும் கடிவாளத்தை இழுத்து நிறுத்தினார். நான் கையை உயர்த்தினேன். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று. கிளையில் கட்டிய பை பொம்மென்று ஊதி, குதிரையின் முகத்துக்குப் பக்கத்தில் படாரென்று அடித்தது.

குதிரை இரண்டு காலில் எழும்பிற்று. அந்தப் பெண் பக்கவாட்டில் விழுந்து, சேற்றுச் சரிவில் வழுக்கி, நேராக எங்கள் பாதைக்குள் வந்தார்.

எனக்குப் பின்னால் வண்டி இன்னும் ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது.

பின் கண்ணாடியில் இரண்டு கையாலும் அடித்தேன். “நிப்பாட்டடா! நிப்பாட்டு!” பிறந்ததிலிருந்து நான் அவரை ‘டா’ போட்டதில்லை. பிரேக் பிடித்தார். டயர் நின்றது, வண்டி நிற்கவில்லை. சேற்றில் அப்படியே வழுக்கிற்று. மெதுவாக... மிக மெதுவாக... ஒதுங்கிய என் தோளை உரசிக்கொண்டு, அந்தப் பெண்ணின் பூட்ஸை நோக்கி.

ஒரு முழம் இருக்கும்போது நின்றது.

அந்தப் பெண் அசையவில்லை. காட்டில் என்ஜின் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. அண்ணை இறங்கி வந்து, டயரையும் அந்தக் காலையும் மாறி மாறிப் பார்த்தார். “செத்திட்டாவோ?” என்று என்னிடம் கேட்டார். அதையும் நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும் போல.

“குதிரை எங்கே?” என்றார் அந்தப் பெண், கண்ணைத் திறக்காமல், ஆங்கிலத்தில்.

அந்த நொடியில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

குதிரை தூரத்தில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. அவருடைய வலது மணிக்கட்டு இருக்கக் கூடாத கோணத்தில் மடிந்து கிடந்தது. அம்புலன்ஸ் வேண்டாம், லாயத்துக்கு அழைத்தால் ஆள் வரும் என்றார். தன் போனை என்னிடம் தந்து, மேட்டில் ஏறினால் சிக்னல் கிடைக்கும் என்றார். ஏறி ஓடினேன். திரும்பி வரும்போது அண்ணி தன் ஜாக்கெட்டை அவருக்குப் போர்த்தி, தலைமாட்டில் குந்தியிருந்தார்.

காத்திருந்தபோது அந்தப் பெண்ணின் கண் பையில் விழுந்தது. “அது உங்களுடையதா? என்ன எழுதியிருக்கிறது?”

அப்போதுதான் நானும் பார்த்தேன். அந்தக் காட்டில் அந்த எழுத்தை வாசிக்கக்கூடிய மூன்று பேரும் அங்கேதான் நின்றோம். பச்சை மையில், கொட்டை எழுத்தில்: ‘நன்றி. மீண்டும் வருக.’

பொய் சொல்லியிருக்கலாம். கடையின் பெயர் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு ஏற்கெனவே ஒரு சொல்லைப் பிழையாக வாசித்திருந்தேன். அதனால் உள்ளதை மொழிபெயர்த்துச் சொன்னேன்.

அவர் சிரிக்கப் பார்த்தார். கை வலித்திருக்க வேண்டும், பல்லைக் கடித்தார். “தயவுசெய்து வேண்டாம்” என்றார்.

லாயத்திலிருந்து ஒருவர் வந்தார். எங்களை முறைத்தார், திட்ட நேரமில்லை. அந்தப் பெண்ணைத் தாங்கிக் கூட்டிப் போனார். நம்பர் பிளேட்டைப் படம் எடுக்கவில்லை. எங்கள் பெயரைக் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. முன்பின் தெரியாத என்னிடம் அந்தப் பெண் தன் போனை நம்பித் தந்தார். நான் என் பெயரைக்கூடத் தரவில்லை!

திரும்பும் வழியில் அண்ணி மடியில் அந்த எண்ணெய்ப் பை. கழுவிய சீட்டில் ஒரே சேறு.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை. அண்ணை வீட்டில் கடித உறையைக் கண்டால், அனுப்பியவர் யார் என்றுதான் முதலில் தேடினேன். பொலிஸ் கடிதமாக இருக்குமோ? குடியுரிமை இல்லை என்று வந்திருக்குமோ? வாசிக்கத் தெரிந்தவளுக்குத்தான் உறையைப் பிரிக்கப் பயம். ஒரு கடிதமும் வரவில்லை. வராதது இன்னும் பயமாக இருந்தது. அந்தக் கை என்ன ஆயிற்று? கை மட்டும்தானா? வீட்டுக்குப் போன பிறகு தலையில் ஏதாவது...?

போன புதன்கிழமை அண்ணை வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

“அண்ணை, அந்தப் பலகையில இருந்த சொல் எனக்குத் தெரியாது.”

“தெரியாதோ? பேந்து ஏன் போங்கோ எண்டு சொன்னனி?”

“நீங்கள் கேட்டியள்...”

“என்ர போர்ம் நிரப்பேக்கையும் இப்பிடித்தானோ?”

“ஐயோ, இல்லை! அதை மூண்டு தரம் பாத்தனான்.”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அந்தப் பாதைகளைப் பராமரிக்கும் கவுன்சிலுக்கு நடந்ததை எழுதலாமா என்று கேட்டேன்.

அண்ணி பதறிப்போனார். “இஞ்சாருங்கோ, பாஸ்போட்?”

“கண்ணை மூடினா அந்த மனிசிதான் ரயருக்கு முன்னால கிடக்கிறா. பாஸ்போட் வந்தா அவ எழும்பிப் போயிடுவாவே?” என்றார் அண்ணை. பிறகு என் பக்கம் திரும்பி, “எழுது. ஓட்டினது நானெண்டு முதல் வரியிலயே போடு. எழுதினா என்ன நடக்கும்?”

“தெரியாது அண்ணை” என்றேன்.

வாய்க்கு அது புதிய சொல். ஆனால் அவர் தலையாட்டினார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

படித்தவர்கள் என்று எங்களை நம்பி ஒரு வண்டியே பின்னால் வரும்போது, ‘தெரியாது’ என்று சொல்ல ஏன் இத்தனை கூச்சம்? அந்த ஒரு சொல்லுக்குக் கூச்சப்பட்டு ஒரு கரையைப் பெயர்த்தோம், ஒரு பெண்ணின் கையை முறித்தோம். காட்டுக்குப் போகிறவர்கள் யாராக இருந்தாலும் பலகை புரியவில்லையென்றால் திரும்பிவிடுங்கள். பையை மடியில் வைத்துக்கொண்டே திரும்புங்கள்.

வியாழன் மதியம், வேலை இடைவேளையில், மின்னஞ்சலை அனுப்பிவிட்டேன். சரிந்த கரை, கிழங்குகள், பை, விழுந்த பெண் — எல்லாம் எழுதினேன். கரையைத் திருத்த நாங்களே மண்வெட்டியோடு வருகிறோம், நாளைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அந்தப் பெண் முறைப்பாடு செய்திருந்தால் எங்கள் நம்பரை அவருக்குக் கொடுங்கள் என்றும் எழுதினேன். கீழே அண்ணையின் பெயரும் என் பெயரும், முழு முகவரியோடு.

போன் அடிக்கும்போதெல்லாம் நெஞ்சு திடுக்கென்கிறது. இருந்தாலும் அதைச் சைலன்ட்டில் போடவில்லை.