என் பழைய ஸ்டீல் வாட்சும் பஸ்ஸில் வந்த புதுசும்

இன்று கொடைக்கானலிலிருந்து இறங்கும் வத்தலக்குண்டு பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பார்த்ததும் தன் சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டார். அதே கம்பெனி, அதே ஸ்டாப்வாட்ச் வைத்த மாடல். அவருடையது புதுசு.

என்னுடையது, எழுபதுகளில் கொடைக்கானலில் நான் பி.டி. டீச்சராக இருந்தபோது, தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்கார டீச்சர் கொடுத்தது.

"ஆம்பளை வாட்ச்சு, கழட்டி பி.டி. சார்ட்ட குடுத்துரும்மா" என்றார் அன்றைய ஹெட்மாஸ்டர். நான் கழற்றவில்லை. எல்லா ஓட்டப்பந்தயத்துக்கும் அதில்தான் நேரம் பார்த்தேன்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஆரம்பித்தார்: "உங்களதுக்கு தெனம் சாவி குடுக்கணும் மேடம். என்னோடது கைய அசைச்சாலே ஓடும். கண்ணாடியில கீறலே விழாது. உங்களது வெறும் பிளாஸ்டிக். லேடீஸுக்கு இதெல்லாம் எதுக்குங்க?"

"கீறல் விழுந்தா டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ச்சுக்குவேங்க."

வெள்ளி அருவி ஸ்டாப்பில் ஆரம்பித்தவர் பெருமாள்மலை ஸ்டாப்பில்தான் மூச்சு விட்டார்.

"உங்க ஸ்டாப்வாட்ச்ச அமுக்கிப் பாத்திருக்கீங்களா சார்?"

"ஐயோ, தேஞ்சு போயிரும்ங்க!"

என்னுடையதை அவர் வாயைத் திறந்தபோதே அமுக்கியிருந்தேன். இப்போது மறுபடி அமுக்கி, நின்ற முள்ளைக் காட்டினேன்.

"நீங்க பேசுனது பதினோரு நிமிசம் சார். பழசு நல்லாத்தான் ஓடுது."

இந்த ரெக்கார்டை முறியடிப்பவர் உங்கள் வீட்டில் யார்? கமெண்டில் சொல்லுங்கள்.