லிஃப்டக்காவின் பூஜ்யம்

எங்கள் அண்ணிக்குக் கூட்டம் என்றாலே ஆகாது. கல்யாண வீட்டில்கூட சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார். அப்படிப்பட்டவர் பின்னால் நான்கு அடுக்குமாடிக் கட்டடங்கள் திரண்டு நின்றன, அதுவும் வீடியோ கேமுக்காக என்று நான் சொன்னால், கேட்கிறவர்கள் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். நான் அவருடைய கொழுந்தன். ஒரே வீட்டில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்வதால் என் பார்வையில் கோளாறு இருக்கவும் வழியில்லை.

அண்ணி லிஃப்ட் மெக்கானிக். எங்கள் குடியிருப்பின் நான்கு கட்டடங்களும் அவர் பொறுப்பு. இடுப்பில் டார்ச், பேன்ட் பையில் எண்ணெய்த் துணி, கழுத்துக் கயிற்றில் லிஃப்ட் கதவைத் திறக்கும் முக்கோணச் சாவி. மொட்டை மாடி மோட்டார் அறையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். தூங்குகிறார் என்று நினைப்போம். "மூணாவது மாடி கிட்ட ஒரு முனகல் கேக்குது பாருங்க" என்பார். நமக்கு ஒன்றும் கேட்காது. குடியிருப்பில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவர் லிஃப்டக்கா. அவர் பேச ஆரம்பித்தால் உங்கள் மாடி வரும்வரை தப்பிக்க முடியாது என்பது இந்த வேலையில் அவருக்கு இருக்கும் வசதி.

மோட்டார் அறைப் படியில் வழுக்கி விழுந்து ஒருமுறை கால் எலும்பை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டோடு கிடந்து, வீட்டில் எல்லோரையும் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தபோது, ஒன்பதாவது மாடி டிரைவிங் மாஸ்டர் ஒரு கேம் டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பொறுமை தொழிலிலேயே தீர்ந்துபோய்விட்டதால் மற்ற நேரங்களில் படபடவென்று இருப்பார்.

"சும்மா படுத்திருந்தா பைத்தியம் பிடிச்சிரும். இதை ஆடிப் பாருங்க."

வெள்ளத்தில் மூழ்கிய ஓர் உலகம். அதில் ஒரு பெண் படகோட்டுகிறாள். இக்கரையில் ஏறுகிறவர்களை அக்கரையில் இறக்கிவிட்டுக்கொண்டே, வெள்ளத்தில் காணாமல் போன தன் தங்கையைத் தேடுகிறாள். அவ்வளவுதான் கதை. கட்டுப் பிரிப்பதற்குள் அண்ணி முதல் பாகத்தை முடித்துவிட்டார். இரண்டாம் பாகம் முடிந்தபோது தங்கையின் குரல் மட்டும் கேட்டது, ஆள் கிடைக்கவில்லை. அன்று எங்கள் வீட்டில் சமையல் இல்லை.

அந்த டிஸ்க்கோடு ஒரு வட்டத்திலும் சேர்ந்தார். ஒரு வீட்டில் ஒரு கேம் வாங்கினால் அது மாடி மாடியாகச் சுற்றி வரும். சீட்டுக் குலுக்கி வரிசை போடுவார்கள். சண்டை வந்தால் தீர்ப்பு அண்ணியுடையது. அவரே போட்ட விதி ஒன்றும் இருந்தது: சுற்றுக்கு வரும் கேம் யாரிடமாவது ஏற்கெனவே இருந்தால், அந்த ஆளின் முறை கடைசி. இரண்டாவது மாடித் தம்பதிக்கு ஒரே கேம் இரண்டு பக்கத்திலிருந்தும் பரிசாக வந்து, அப்படியும் வரிசையில் முண்டியடித்ததால் வந்த விதி அது.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த அறிவிப்பு வந்தது. மூன்றாவதும் கடைசியுமான பாகம் டிஸ்க்காக வராது. கடையில் பெட்டி இருக்கும். பெட்டிக்குள் ஒரு எண் அச்சடித்த சீட்டு இருக்கும். அந்த எண்ணைப் போட்டு இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். நேராக இணையத்திலும் வாங்கலாம். எப்படி வாங்கினாலும் அது வாங்கியவர் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். இரவல் கொடுக்க முடியாது, விற்க முடியாது, கம்பெனி கடையை மூடினால் அதோடு போய்விடும்.

"வெறும் சீட்டுக்கு எதுக்குப் பெட்டி?" என்றேன் நான்.

அண்ணி சிரிக்கவில்லை. "கிழக்குக் கட்டடத்து ரெண்டாவது லிஃப்ட் ஏன் நிக்குதுன்னு தெரியுமா தம்பி? அதுக்குள்ள இருக்கிற போர்டைத் திறக்கணும்னா, செஞ்ச கம்பெனிக்காரன் ரகசிய எண் தரணும். அவன் கம்பெனியை மூடிட்டுப் போயிட்டான். லிஃப்ட் நம்மளது, கயிறு நம்மளது, மோட்டார் நம்மளது. ஆனா தொட முடியாது. பாட்டி தாத்தாங்க எல்லாம் படியேறிச் சாகுறாங்க. இப்ப விளையாட்டுலயும் அதையே கொண்டு வரான்."

மறுநாளிலிருந்து லிஃப்டில் ஏறியவர்கள் மாட்டினார்கள். அண்ணி மேடை ஏறவில்லை, கோஷம் போடவில்லை. கதவு மூடியதும், "மூணாம் பாகம் வாங்கப் போறீங்களா?" என்று கேட்பார். அதற்குப் பிறகு இறங்கும்வரை அவர் ராஜ்ஜியம். ஊர் ஊராக இதே கோபம் இருந்ததால் இணையத்திலும் ஆட்கள் சேர்ந்தார்கள். டிஸ்க் வரும்வரை வாங்குவதில்லை என்பது ஒப்பந்தம். மாஸ்டர்தான் எல்லோருக்கும் முன்னால் நின்று, "வாங்கினவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று முழங்கினார்.

அந்தக் குடியிருப்பிலேயே அந்த விளையாட்டுக்கு அதிகமாக ஏங்கியவர் யார் என்று எனக்குத் தெரியும். முன்னோட்டக் காட்சி வந்தபோது, தங்கையின் முகம் தெரிகிறதா என்று டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து பார்த்தவர் அண்ணிதான். அவர்தான் வேண்டாம் என்றார். எனக்கு அந்த மனுஷியிடம் பிடித்ததே இதுதான், வயிற்றெரிச்சலும் இதுதான்.

இனி என் அண்ணன். பேக்கரி வேன் ஓட்டுகிறார். விடிவதற்கு முன் ரொட்டியோடு கிளம்பி, நாங்கள் பேச உட்காரும் நேரத்தில் குறட்டை விடுகிறவர். விழித்திருக்கும்போதும் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பார். வீட்டில் இவ்வளவு நடந்ததும் அவர் காதில் பாதிதான் விழுந்தது. அண்ணி எதற்காகவோ காத்திருக்கிறார், அது இந்த வாரம் வருகிறது, அதே வாரம் அவருக்குப் பிறந்தநாள். இந்தப் பாதியை வைத்துக்கொண்டு மனிதர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

அன்று மாலை நான் கடையிலிருந்து திரும்பிக் கட்டட வாசலில் நுழையும்போது போன் அதிர்ந்தது. "லிஃப்டக்கா மூன்றாம் பாகத்தை வாங்கியிருக்கிறார்! நீங்களும் வாங்குங்கள்!" அண்ணியின் கேம் கணக்கில் நண்பராக இருக்கும் எல்லோருக்கும் அது தானாகவே போயிருந்தது. அதாவது, குடியிருப்பு முழுவதற்கும். ஊர் ஊராக இருந்தவர்களுக்கும்.

அண்ணி அப்போது லிஃப்டுக்கு அடியில் பள்ளத்தில் வேலையாக இருந்தார். அங்கே சிக்னல் கிடையாது. முகத்தில் எண்ணெயோடு ஏறி வந்து, லிஃப்டுக்குள் நுழைந்தார். உள்ளே மாஸ்டர், வேறு இருவர், நான். யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"என்ன, யாராவது போய்ச் சேந்துட்டாங்களா?" என்றார் அண்ணி.

மாஸ்டர் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "நல்லாயிருக்கா லிஃப்டக்கா? தங்கச்சி கிடைச்சாளா?"

அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. லிஃப்ட் ஏறிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அவரிடம் மாட்டிக்கொண்டவர்கள் நடுவில் இப்போது அவர் மாட்டிக்கொண்டார்.

வீட்டுக் கதவைத் திறந்தால், அண்ணன் தேய்த்த சட்டையில் நிற்கிறார். மேஜைமேல் பேக்கரியில் செய்துவாங்கிய ரொட்டி; அதன் மேல் சர்க்கரையில் அண்ணியின் பெயர். டிவியில் மூன்றாம் பாகம் இறங்கி முடிந்து, 'தொடங்கு' என்ற எழுத்துக்குப் பின்னால் படகு அசைந்துகொண்டிருக்கிறது. நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

"நீங்களா வாங்கினீங்க?"

"ஆமா. பட்டனை அமுக்கி அமுக்கி நானே கண்டுபிடிச்சேன். யாரையும் கேக்கல." அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அண்ணி கை கழுவிவிட்டு வந்து ரொட்டியைப் பிட்டு முதலில் அவருக்கு ஊட்டினார். தானும் தின்றார். முழுத் துண்டையும் தின்று முடித்த பிறகுதான், பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக விஷயத்தைச் சொன்னார். அண்ணன் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். நானாக இருந்தால் கதவிலேயே கத்தியிருப்பேன். கோபத்தைத் தள்ளிவைத்து அந்த ரொட்டியைத் தின்ன எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

திருப்பிக் கொடுக்கப் பார்த்தோம். கம்பெனியின் உதவிப் பக்கத்தில் ஏதோ ஒரு இயந்திரம் பதில் சொன்னது: இறக்கியாகிவிட்டது, திரும்பப் பெற முடியாது. வேறு யாருக்காவது மாற்ற முடியுமா? முடியாது.

"தெருவுல தூக்கிப் போடக்கூட முடியல தம்பி" என்று சொல்லி, அவ்வளவு வருத்தத்திலும் அண்ணி சிரித்துவிட்டார்.

மறுநாள் சைக்கிள் நிறுத்துமிடத்தில் கூட்டம் கூடியது. அண்ணி வேலை உடுப்பிலேயே வந்து நின்றார். கை மட்டும் அந்த முக்கோணச் சாவியை உருட்டிக்கொண்டே இருந்தது.

"என் கணக்குல வாங்கியிருக்கு. என் வீட்டுல நடந்தது. பொறுப்பு என்னோடது. திருப்பித் தர முடியல. ஆனா விளையாட மாட்டேன்."

"யார் வாங்கினது?" என்றார் மாஸ்டர்.

"என் கணக்குன்னு சொன்னேன்ல."

அண்ணனின் பெயர் அவர் வாயிலிருந்து வரவே வராது என்று எனக்குப் புரிந்தது. பின்வரிசையில் ஒரு செருமல் கேட்டது. "நான்தான் வாங்கினேன்" என்றார் அண்ணன். எல்லோரும் திரும்பினார்கள். இப்படி ஒருவர் இந்தக் கட்டடத்தில் இருப்பதே சிலருக்கு அன்றுதான் தெரிந்தது. "அவளுக்குப் பிடிக்கும்னு தெரியும். வாங்கக் கூடாதுன்னு தெரியாது. பொறந்தநாள்."

சிலர் சிரித்தார்கள். சிலருக்கு மனசு இளகியது. மாஸ்டர் விடவில்லை. "சரி, விளையாட மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"என் கணக்கைத் திறந்து பாருங்க. எவ்வளவு நேரம் ஆடியிருக்கேன்னு அதுலயே காட்டும். நான் வாங்கினதை ஊருக்கே சொன்ன கணக்குதானே? இதையும் சொல்லட்டும்."

அன்றிலிருந்து அந்த வரி எல்லோருக்கும் மனப்பாடம். மூன்றாம் பாகம், விளையாடிய நேரம்: பூஜ்யம். மாஸ்டர் பல் துலக்குவதற்கு முன்பே அதைத்தான் பார்ப்பாராம். யாரோ அதைப் படம் பிடித்து இணையத்தில் போட, வெளியூர் ஆட்களும் பார்க்க ஆரம்பித்தார்கள். "வேஷம்" என்று கேலி செய்தவர்களும் உண்டு. நம் குடியிருப்பிலேயே சில வீடுகள் சத்தமில்லாமல் வாங்கிவிட்டன. அவர்களுடைய லிஃப்டையும் அண்ணி அதே அக்கறையோடுதான் துடைத்து எண்ணெய் போட்டார்.

மாதங்கள் போயின. பூஜ்யம் அசையவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. "அண்ணி, இணையத்தைத் துண்டிச்சிட்டு ஆடினா எதுவும் பதியாது. யாருக்குத் தெரியப் போகுது?"

"ஆள் பாக்கும்போது மட்டும் பிரேக் பிடிக்கிற லிஃப்டுல நீங்க ஏறுவீங்களா தம்பி?"

என் மூக்கு உடைந்தது. அண்ணன் மட்டும், "என்னாலதானே" என்று அவ்வப்போது முனகுவார். "நீங்க வாங்கிக் கொடுத்தது வீட்டுல பத்திரமா இருக்கு. எங்கேயும் ஓடிடாது" என்று அண்ணி அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டுவார்.

கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. நினைத்த அளவு விற்கவில்லை. வாடிக்கையாளர்களின் விருப்பத்தை மதித்து டிஸ்க்கும் வெளியிடுகிறோம் என்றது. எங்கள் நான்கு கட்டடங்களைக் கண்டு நடுங்கினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்ல ஆசைதான்.

டிஸ்க்கை வாங்கியவர் மாஸ்டர். உறை பிரிக்காமல் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குக் கொண்டுவந்தார். "சீட்டெல்லாம் வேணாம். முதல்ல லிஃப்டக்கா." எல்லோரும் கைதட்டினார்கள்.

அண்ணி கையை நீட்டவில்லை. "ஏற்கெனவே வச்சிருக்கிறவங்களுக்குக் கடைசி முறை. விதி போட்டதே நான்தானே."

எவ்வளவோ கெஞ்சினோம். தலைகீழாக நின்றாலும் நடக்கவில்லை. டிஸ்க் மாடி மாடியாகக் கிளம்பியது. நான் என் முறையில் மாஸ்டர் வீட்டில் உட்கார்ந்து ஆடி முடித்தேன். அண்ணி இருக்கும் வீட்டில் அந்தச் சத்தமே கேட்கக் கூடாது அல்லவா?

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. அண்ணி லிஃப்டுக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். மாஸ்டர் கூரையைப் பார்ப்பார். இரண்டாவது மாடித் தம்பதி உதட்டை மடித்துக்கொண்டு நிற்பார்கள். அன்று கோபத்தில் வாயை மூடிய அதே ஆட்கள், இன்று முடிவை உளறிவிடுவோமோ என்ற பயத்தில் மூடிக்கொண்டு நின்றார்கள். முடிவைப் பார்த்த ஒருவர்கூட அவரிடம் வாயைவிடவில்லை. ஒரே மேஜையில் தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

போன வாரம் மாஸ்டரே டிஸ்க்கைக் கொண்டுவந்தார். "முடிவு என்னன்னு சொல்லட்டுமா?"

"சொன்னீங்கன்னா ஒன்பதாவது மாடிக்கு லிஃப்ட் நிக்காது."

அண்ணி நகக்கண் எண்ணெய் போகும்வரை கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார், தூக்கத்தை ஒத்திவைத்துவிட்டு. டிஸ்க் உள்ளே போய்ச் சுழலும் சத்தம் கேட்டது. என் போன் அதிர்ந்தது: "லிஃப்டக்கா மூன்றாம் பாகத்தை விளையாடிக்கொண்டிருக்கிறார்." மாடியிலும் கீழேயும் பக்கத்து வீட்டிலும் அதே சத்தம் எழுந்தது. எங்கோ ஒரு வீட்டில் யாரோ விசில் அடித்தார்கள்.

தங்கை கிடைத்தாளா என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். அண்ணி இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்.