எந்த வண்டி?

பொள்ளாச்சிக்குப் போகும் ரயில் பாதை எங்கள் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் போனது. வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட மீட்டர் கேஜ். எனக்கு விவரம் தெரிந்த தொண்ணூறுகளில் பஸ்கள் ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விட, அந்தப் பாதையில் ஓடியது விரல்விட்டு எண்ணக்கூடிய சில வண்டிகள்தான். மற்ற நேரமெல்லாம் தண்டவாளம் எங்களுக்கு நடைபாதை. இன்று அது அகலப் பாதை, மின்சார ரயில் பறக்கிறது. எங்கள் ஆளில்லாத கடவு இருந்த இடத்தில் சுரங்கப் பாதை, மழை பெய்தால் குளம்.

எங்கள் ஊரில் எல்லாமே வண்டிதான். ரயிலும் வண்டி, பஸ்ஸும் வண்டி, மொபெட்டும் வண்டி. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடத் தெரிந்த எங்களுக்கு, எந்த வண்டி என்று சேர்த்துச் சொல்லத் தோன்றியதே இல்லை.

அன்று காலை அப்பா தோட்டத்திலிருந்து சோளத்தட்டுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். கட்டு இரண்டு பக்கமும் தொங்கினால் பக்கவாட்டில் எதுவும் தெரியாது, காதோரம் சரசரப்பு வேறு. கடவுக்குப் பக்கத்தில் சித்தப்பா பால் கேனோடு நின்றிருந்தார். பால் சொசைட்டி வண்டியைத் தவறவிட்ட எரிச்சலில் இருந்தார்.

"தம்பி, வண்டி போயிருச்சா?"

"அப்பவே போயிருச்சுங்ணா."

அப்பா கேட்டது ரயிலை. சித்தப்பா சொன்னது பால் வண்டியை. சொல்லிவிட்டு அவர் கேனைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். காலை ரயில் அப்போதுதான் வளைவில் வந்துகொண்டிருந்தது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? தோட்டத்துக்கு ஆசைப்பட்டுச் சொல்லிவிட்டான் என்றுகூடப் பேசினார்கள். சித்தப்பா எங்கள் வாசலை மிதிக்கவில்லை. எனக்கு அவர்மேல் ஆத்திரம். அம்மா அவரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டிவிட்டால் தேவலை என்று காத்திருந்தேன். அம்மா அவர் பேச்சையே எடுக்கவில்லை.

கருமாதியன்று, பந்தி முடிந்த பிறகு அவரே வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"அண்ணி, நானு பால் வண்டியத்தானுங்க சொன்னேன். அண்ணன் ரயிலக் கேட்டாருன்னு சத்தியமாத் தெரியாதுங்க. ஊரு பேசறத நீங்க நம்பறீங்களா?"

"நம்பலீங்க தம்பி" என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை. சித்தப்பாவின் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. அவர் செருப்பைக் கழற்றினார்.

"வேற ஆரு சொல்லியிருந்தாலும் அவரு நின்னு பாத்துப்போட்டுத்தானுங்க தாண்டியிருப்பாரு" என்றாள். "நீங்க சொன்னதுனாலதான் பாக்காம வந்துட்டாரு."

அதற்குப் பதில் அவரைச் செருப்பால் அடித்திருக்கலாம். அம்மா இலை போட்டுக் கூப்பிட்டாள். சித்தப்பா வாசற்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.