புதன்கிழமை ஆபீஸ்

இனி நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலை என்று எங்கள் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தபோது, தெருவே என்னைக் கொடுத்து வைத்தவள் என்றது. சென்னை ஓஎம்ஆர் சாலையில் ஆபீஸ் இருந்த மாடியைக் காலி செய்து உரிமையாளரிடமே கொடுத்துவிட்டார்கள். செங்கல்பட்டிலிருந்து அங்கே போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். தினமும் மூன்று மணி நேரம் மிச்சம் என்று என் கணவர் சந்தோஷப்பட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கம்பெனி பஸ்ஸில் இடது பக்கம் மூன்றாவது ஜன்னல் சீட் பதினோரு வருடமாக என்னுடையது. அதில் உட்கார்ந்துவிட்டால் யாரும் என்னை எதுவும் கேட்க முடியாது. வாயைப் பிளந்துகொண்டு தூங்குவேன், வேடிக்கை பார்ப்பேன், சும்மா இருப்பேன். இவர்கள் மிச்சம் பிடித்தது அதைத்தான்.

முதலில் படுக்கையறையில், டிரெஸ்ஸிங் டேபிள் மேல் லேப்டாப்பை வைத்தேன். நாள் முழுக்க என் மூஞ்சியையே கண்ணாடியில் பார்க்கச் சகிக்காமல் ஹாலுக்கு மாறினேன். ஹாலில் கொரியர்காரர்கள் தொல்லை. தெருவில் எந்த வீடு பூட்டியிருந்தாலும் பார்சல் என்னிடம் வரும். எதிர் வீட்டுக்காரி சிலிண்டர் வரும் நாளில் சாவியை நீட்டுவாள். "வூட்லதான கீற, கொஞ்சம் பாத்துக்கோ." மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. அதையே வீட்டில் உட்கார்ந்து செய்தால் அது வேலையில்லை போலிருக்கிறது.

மத்தியானத்துக்கு மேல் கால் ஒரு இடத்தில் நிற்காது. மீட்டிங்கைக் காதில் மாட்டிக்கொண்டு வாசலுக்கும் சமையலறைக்கும் நடப்பேன். குறுக்கே யாராவது பேசினால் உள்ளங்கையைக் காட்டி நிறுத்துவேன். யாராவது என்றால் என் மாமியார்தான். கணவர் காலையிலேயே மறைமலைநகர் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிவிடுவார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

நான்காவது மாதம் ஒரு பொய் சொன்னேன். சிறுசேரிப் பக்கம் சின்னதாக ஒரு இடம் எடுத்திருக்கிறார்கள், புதன்கிழமை மட்டும் நேரில் வரச் சொல்கிறார்கள் என்றேன். யாரும் மறு கேள்வி கேட்கவில்லை.

புதன்கிழமை லேப்டாப் பையோடு மாமல்லபுரம் பஸ் ஏறினேன். அங்கே பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு டிபன் ஹோட்டல். மாடியில் மூலை மேசை, பக்கத்துச் சுவரில் பிளக். காலையில் இட்லி, மத்தியானம் சாப்பாடு, நடுநடுவே காபி என்று வாங்கிக்கொண்டிருந்தால் முதலாளி முகம் சுளிக்க மாட்டார். பின்பக்கம் சிலைப் பட்டறை. மீட்டிங்கில் கல் அறுக்கும் மிஷின் சத்தம் கேட்டு எங்கள் மேனேஜர், "என்னம்மா, வீட்ல ஒரே சத்தம்?" என்பார். "பக்கத்து வீட்டுல டைல்ஸ் ஒட்டறாங்க சார்" என்பேன். வீட்டில் கேட்டால் ஆபீஸில் இருக்கிறேன், ஆபீஸில் கேட்டால் வீட்டில் இருக்கிறேன். அந்த ஒரு நாள்தான் எனக்கு மூச்சு விட முடிந்தது. வேலை முடிந்ததும் கடற்கரைக்கு நடந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றுவிட்டு பஸ் பிடிப்பேன். ஏதாவது காரணம் இருந்தால் வீட்டில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சும்மா போனேன் என்று எப்படிச் சொல்வது?

ஏழெட்டு மாதம் இப்படியே ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோசை சாப்பிட்டுக்கொண்டே கணவர் சொன்னார். "புதன்கெழம எனக்கு லீவு. நானே வண்டில கொண்டுபோயி வுடறேன். உன் புது ஆபீஸ நானும் பாத்த மாதிரி இருக்கும்."

"வேணாங்க, வெயில்ல எதுக்கு..."

"ஹெல்மெட் போட்டா இன்னா வெயிலு?"

 புதன்கிழமை ஆபீஸை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னால் தப்பிக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் அதற்கப்புறம் எனக்குப் புதன்கிழமையே கிடையாது. அழுகை வந்துவிடும் போல இருந்தது.

மாமியார் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் பேசினார். "அவ பஸ்லதான போய்கினு வந்துகினு கீறா, நீ எதுக்குடா நடுவுல? லீவ செவ்வாகெழமைக்கு மாத்திக்கோ. என்னத் திருப்போரூர் கோயிலுக்கு இட்டுகினு போ. ரொம்ப நாளா ஒரு வேண்டுதல் கீது." கோயிலுக்கு என்று அம்மா கேட்டுவிட்டால் மகனிடம் மறுபேச்சு இல்லை. சரி என்று கை கழுவப் போய்விட்டார்.

நான் மாமியார் பின்னாலேயே சமையலறைக்குப் போனேன். "அத்தை, உங்களுக்குத் தெரியுமா?"

"மொத மாசமே தெரியும். மாமல்லபுரத்துல உன்னப் பாத்தேன்னு எதிர் வூட்டுக்காரி வந்து சொன்னா. ஆபீஸ் வேலையாத்தான் போயிருப்பான்னு அவ வாய அடைச்சேன்."

"அப்புறம் ஏன் என்னை ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா நீ போறத நிறுத்திடுவ. புதன்கெழம படாளத்துலேந்து என் தங்கச்சி வரா. மீன் வறுப்போம், டிவிய சத்தமா வெப்போம், கால நீட்டிகினு பேசுவோம். மத்த நாள்ல எங்க? வாயத் தொறந்தா நீ இப்பிடி காட்டற." உள்ளங்கையை என் மூஞ்சிக்கு நேராக நீட்டிக் காட்டினார். "மிக்ஸி போடறதுக்குக்கூட உன் மூஞ்சியப் பாக்க வேண்டியிருக்குது."

எனக்குக் கோபம் வந்தது. "அப்படி என்னதான் பேசுவீங்க ரெண்டு பேரும்?"

"உன்னப் பத்திதான். அதுக்கும் ஒரு வூடு வேணுமில்ல?"

சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும் சுருக்கென்றது. வீட்டில் அடைந்து கிடக்கிறேன் என்று இத்தனை மாதம் என்னைப் பற்றியே நொந்துகொண்டிருந்தேன். அந்த வீட்டில் எனக்கு முன்னாலிருந்தே ஒருவர் பகல் முழுக்க இருக்கிறார் என்பது என் மண்டையில் ஏறவேயில்லை.

அந்தப் புதன்கிழமையும் போனேன். மத்தியானம் ஹோட்டலில் நெட் போய்விட்டது. மேனேஜரும் போனில், மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்றுவிட்டார். எப்போதும் ஆறு மணிக்கு வீடு சேருகிறவள், நாலு மணிக்கே எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டேன். வாசல் வரை மீன் வறுவல் வாசனை. உள்ளே டிவி அலறியது. அதற்கு மேல் இரண்டு பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. மாமியார் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

கேட்டில் வைத்த கையை எடுத்துக்கொண்டேன்.

கொடியில் காய்ந்த துணியை எடுக்க வந்த எதிர் வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். "இன்னா, இன்னிக்கு சீக்கிரம் வந்துட்ட?"

"இல்லக்கா, நான் இன்னும் வரல" என்று சொல்லிவிட்டு, லேப்டாப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு திரும்பி நடந்தேன்.