‘ஏனுங்க’ கேசட்

போன மாதம் அவினாசி ரோட்டில் ஒரு வணிக வளாகத்துக்கு மருமகளோடு போயிருந்தேன். கீழ்த்தளத்தில் மேடை போட்டு, தொப்பியைத் திருப்பிப் போட்ட ஒரு பையன் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தான். நடுவில் நிறுத்தி, கோயமுத்தூரில் தமிழ் ராப் பாடிய முதல் ஆள் தான்தான் என்றான். கூட்டம் விசிலடித்தது. எனக்கோ புது கேசட்டைப் பிரிக்கும்போது வரும் பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியது.

தொண்ணூறுகளின் நடுவில் உக்கடத்தில் ஒரு கேசட் கடையில் வேலை பார்த்தேன். குளத்துக் காற்றில் வறுத்த மீன் வாசனை வரும்; கடைக்குள் பக்திப் பாட்டு ஓடும். இரண்டையும் ஒன்றாக அனுபவித்துப் பழகியவன் நான். கடையின் பின்னறையில் முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டி, அதற்கு ‘ஸ்டுடியோ’ என்று பெயர் வைத்திருந்தார் முதலாளி. ஜவுளிக்கடைகளுக்காக ஆட்டோவில் ஒலிபரப்பும் விளம்பரங்களை அங்கேதான் பதிவு செய்வோம். குரல் கொடுக்க வருபவள் ஸ்டெல்லா. தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கூலி வேலை செய்த சின்னப்பனின் மகள். ஆடித் தள்ளுபடி முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கடைசியில் ‘வாங்க, வாங்க’ என்பதற்கும் மூச்சு மிச்சம் வைத்திருப்பாள்.

மெட்ராஸில் சினிமாப் பாட்டுக்கு நடுவே வேகமாகப் பேசுவது விற்கிறது என்று முதலாளி எங்கோ கேள்விப்பட்டிருந்தார். “அம்மணி, நீ பேசறதுக்கு அடியில மேளத்தை வெச்சா ராப்புதானுங்களே” என்றார். இசை என்னுடையது. அதாவது, கீபோர்டில் தாளத்துக்கென்று இருந்த ஒரு பட்டனை நான் அமுக்கினேன். பாட்டு முடிந்ததும் மறுபடி அமுக்கினேன். கேசட் அட்டையில் ‘இசை’ என்று என் பெயரை அச்சடித்ததை வைத்து ஊரில் எனக்குப் பெண் பார்த்தார்கள்.

கேசட்டுக்கு ‘ஏனுங்க’ என்று பெயர். எல்லாரும் கேட்டது அதிலிருந்த யானைப் பாட்டைத்தான். மலையிலிருந்து இறங்கித் தோப்புக்குள் புகுந்த யானையைப் பார்த்து அவள் கேட்பாள்:

“ஏனுங்க யானைங்க, எப்ப வந்தீங்க?
கேட்டுல நின்னு கூப்பிட்டீங்களா, முட்டித் தள்ளி வந்தீங்களா?
செருப்பைக் கையில எடுக்கச் சொன்னாங்களா?
கொட்டாங்குச்சியில தண்ணி ஊத்துனாங்களா,
தொட்டியிலயே வாய வெச்சுப்போட்டீங்களா?”

வால்பாறை பஸ் டிரைவர்கள்தான் முதலில் வாங்கினார்கள். கொண்டை ஊசி வளைவில் தூக்கம் வராதாம். பிறகு டீக்கடைகள், சலூன்கள், கல்யாண மண்டபங்கள். பதிவு செய்து மாளவில்லை.

வந்ததே விமர்சனம். மாலைப் பத்திரிகை ஒன்று ‘ஏலக்காரரின் பிதற்றல்’ என்று எழுதியது. ஒரு தமிழ்ப் பேராசிரியர் இதோடு தமிழ் செத்தது என்று மேடையில் அறிவித்தார்; சாட்சிக்காக முழுப் பாட்டையும் பாராமல் சொல்லிக் காட்டினார். இங்கிலீஷ் ராப் கேட்கும் காலேஜ் பையன்கள் கடைக்கே வந்து, “இது ராப்பே இல்லீங்க. ஒரு கெட்ட வார்த்தை கூட இல்ல. திட்டறதுக்குக்கூட ‘ங்க’ போடுதுங்க அந்தப் பொண்ணு” என்று வருத்தப்பட்டார்கள். சிறுபத்திரிகைக்காரர் ஒருவர் மட்டும் பாராட்டினார். யானை என்பது உலக வங்கிதானே என்று ஸ்டெல்லாவிடம் கேட்டார்.

“யானைங்க சார் அது. எங்கப்பா நேர்ல பாத்தாரு” என்றாள்.

ஒருநாள் தோப்பின் சொந்தக்காரரே கடைக்கு வந்தார். பண்ணாடி என்றுதான் ஸ்டெல்லா வீட்டில் அவரைச் சொல்வார்கள். வெள்ளை வேட்டி, அமைதியான குரல். முதலாளி காபிக்கு ஆள் அனுப்பினார்.

“நீ நம்ம சின்னப்பன் புள்ளதான?”

“ஆமாங்க.”

“பாட்டுல வர்ற தோப்பு யாருது?”

“தோப்புக்குப் பேரு வெக்கலீங்களே. கேக்கறப்ப உங்குளுது மாதிரி இருக்குதுங்களா?”

அவர் காபியை முழுதாகக் குடித்தார். இரண்டு கேசட் வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் ஸ்டெல்லா வரும்போது கூடவே சின்னப்பனும் வந்தார். “அப்பாவை வேலைக்கு வர வேண்டாமுங்கன்னு சொல்லிப்போட்டாருங்க. இத்தன வருசத்துல அப்பாவுக்கு அவரு ‘ங்க’ போட்டது இதான் மொதத் தடவை” என்றாள். சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை. தோப்புக்குள் இருந்த வீட்டையும் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள்.

சின்னப்பன் அதுவரை பாட்டைக் கேட்டதில்லை. போடச் சொன்னார். ஸ்டூலை நகர்த்தி வைத்தேன். வேண்டாம் என்று நின்றபடியே கேட்டார். முடிந்ததும், “இன்னொருக்கா போடுங்க” என்றார். இரண்டாவது முறை உட்கார்ந்து கேட்டார்.

“அந்தப் பாட்ட எடுத்துப்போடச் சொல்லட்டுமாப்பா?” என்றாள் ஸ்டெல்லா.

“எதுக்கு கண்ணு? ஊடுதான் போயிருச்சே. பாட்டாவது இருக்கட்டும்.”

வால்பாறை எஸ்டேட்டில் அவள் மாமா இருந்தார். குடும்பம் அங்கே போனது. ஊர் எல்லையில் பஸ் ஏறியபோது உள்ளே அவள் குரல்தான் ஓடியதாம். யாரென்று தெரியாமல் கண்டக்டர் அவளையும் டிக்கெட் வாங்கச் சொன்னாராம். முதலாளி ராப்பை விடவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு ஆளை வைத்து, வரிக்கு ஒரு கெட்ட வார்த்தையோடு இரண்டாம் பாகம் போட்டார். காலேஜ் பையன்கள் உண்மையான ராப் என்று புகழ்ந்தார்கள். விற்காத பெட்டிகளின் மேல் நான் மத்தியானம் தூங்குவேன்.

சில வருடம் கழித்து உக்கடம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். எஸ்டேட் பள்ளியில் டீச்சர். “பாடறதில்லையா?” என்றேன். “வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கறேனுங்க. புள்ளைங்க ரொம்ப வேகமாச் சொல்லுதுங்கன்னு ஹெச்.எம். கோவிச்சுக்கறாரு” என்றாள்.

அந்தக் கடை இல்லை. அந்தக் கேசட் என்னிடமும் இல்லை. அதைவிடச் சுத்தமாகக் காணாமல் போனவர்கள், அன்று அதைத் திட்டியவர்கள். தேடிப் பார்த்துவிட்டேன், ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. பேராசிரியர் ஒரு நேர்காணலில் அதை மண்ணின் குரல் என்றும், தான்தான் முதலில் அடையாளம் கண்டதாகவும் சொல்லியிருக்கிறார். தோப்பு இப்போது ரிசார்ட். பண்ணாடியின் மகன் நடத்துகிறார். வருகிற விருந்தாளிகளிடம், “அந்தக் காலத்துல ஒரு யானைப் பாட்டு ஃபேமஸுங்க, அது நம்ம தோப்பைப் பத்தினதுதான்” என்று பெருமையாகச் சொல்கிறார். என்னையும் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டினார். சின்னப்பனின் வீடு எங்கே இருந்தது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, நீச்சல் குளத்தின் ஆழமான பக்கத்தைக் காட்டினார்.