இருப்புப் பதிவேட்டில் ஓர் ஏரி

பக்கத்து வீட்டுக்காரர் கொடைக்கானல் போய் வந்தார். போன மனிதர் சும்மா வந்திருக்கலாம். எனக்கென்று ஒரு புட்டி யூகலிப்டஸ் தைலம் வாங்கி வந்தார். மூடியைத் திறந்ததும் மூக்கு தெளிந்தது. கூடவே தயாளனும் நினைவில் வந்து நின்றான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்துச் சுற்றுலாத் தகவல் அறையில் அவனும் நானுமாக இரண்டு குமாஸ்தாக்கள். வருகிறவர்கள் கேட்பது மூன்றே கேள்விகள்: கோயில் நடை எப்போது சாத்துவார்கள், பட்டு எங்கே மலிவு, கழிப்பறை எங்கே. மூன்றாவதற்கு எங்களிடம் பதில் கிடையாது. சித்திரையில் ஓட்டுக்கூரை கொதிக்கும். எதிர்ச்சுவரில் கொடைக்கானல் ஏரியின் அச்சுப்படம்: நீலத் தண்ணீர், இரண்டு படகு, கரையில் ஒரு தகவல் மையம். அந்த மையத்தின் ஜன்னலுக்குப் பின்னால் என்னை உட்காரவைத்துப் பார்ப்பதுதான் பிற்பகல்களில் என் வேலை.

அங்கே ஓர் இடம் காலியானது. நான் மூன்று பிரதிகள், இணைப்புகளுடன், உரிய வழியில் விண்ணப்பித்தேன். தயாளன் அரைப் பக்கம் எழுதினான். அதிலிருந்த பிழைகளையும் நானே திருத்திக் கொடுத்தேன். ஆணை அவனுக்கு வந்தது. குறித்த தேதிக்குள் அவன் போய்ச் சேராவிட்டால் அடுத்த பெயர் என்னுடையது.

"அங்க ஃபேனே கிடையாதாம்பா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தாள். "ஒரு கை முடிஞ்சிடுச்சுப்பா" என்று எனக்குத் தினமும் நிலவரம் வேறு. பேசும்போதே கண் அந்தப் படத்துக்குப் போய்விடும், சொந்த வீட்டைப் பார்ப்பதுபோல. அதுதான் பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை அவன் சாப்பிடப் போனபோது படத்தைச் சுருட்டிக் குடைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒப்படைப்பு விதி எனக்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. நம்பினால் நம்புங்கள்.

பொறுப்பை ஒப்படைக்கும்போது இருப்புப் பதிவேட்டில் உள்ளதெல்லாம் கண்ணெதிரே இருக்க வேண்டும். ஒப்படைப்பவன் அவன், ஏற்பவன் நான்; நான் கையெழுத்திடாமல் அவனை விடுவிக்க மாட்டார்கள். மேஜை, மணி, மைக்கூடு எல்லாம் இருந்தன. 'ஏரிப்படம் ஒன்று' இல்லை.

"இன்னாப்பா, ஒரு காகிதம்தானே?"

"பதிவேட்டுல இருக்குதே."

"கையெழுத்துப் போடுப்பா. தேடித் தரேன்."

"தேடிக் குடு. அப்புறம் போடறேன்."

ஆறு நாள் தேடினான். பீரோவை நகர்த்தினான், பழைய கட்டுகளைப் பிரித்தான். நானும் கூடவே தேடினேன். அதையும் சொல்லிவிடுவதுதான் முறை.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது வீட்டுக்கு வந்தான். "நாள் போயிக்கினே இருக்குதுப்பா. ஸ்வெட்டரை உன் அளவுக்கு மாத்தச் சொல்லட்டுமா?" என்றான். கோபமில்லாமல் சொன்னதால் அது சுருக்கென்று தைத்தது. என்னிடம் ஒரு கம்பளி மப்ளர் இருந்தது. அதையாவது அவனுக்குக் கொடுக்கலாம் என்று மர அலமாரியைத் திறந்தேன். கதவின் உட்பக்கம் நான் ஆணியடித்து மாட்டியிருந்ததை அந்த நிமிடம் மறந்துபோனேன்.

தயாளன் பார்த்தான். காப்பியைக் குடித்து முடித்தான்.

"ஏரி நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு மப்ளரையும் வாங்கிக்கொண்டு போனான்.

மறுநாள் பதிவேட்டில் படத்துக்கு நேரே எழுதியிருந்தான்: 'கரையான் அரித்துவிட்டது. என் கவனக்குறைவு.' அதற்காக அவன் பணிப் பதிவேட்டில் ஒரு கண்டனக் குறிப்பு ஏறியது. அவன் கையெழுத்துக்குக் கீழே 'சரிபார்த்தேன்' என்று நான் கையெழுத்திட்டேன். பழகிய கை.

ஒவ்வொரு கோடையிலும் கார்டு போடுவான்: 'ஏரி இங்கேதான் இருக்குது, வா.' ஒவ்வொரு கோடையிலும் நான் விடுப்பு விண்ணப்பம் எழுதிக் கிழித்துப் போடுவேன். அந்த ஜன்னலுக்குப் பின்னால் அவன் இருப்பதைப் போய்ப் பார்க்க வேண்டுமா? ஒரு வருடம் அவன் மகன் கையெழுத்தில் கார்டு வந்தது, மூலைகளில் கறுப்பு மை தடவி. அந்த ஏரியை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

தகவல் அறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பதிவேட்டைக் காலக்கெடு முடிந்ததும் முறைப்படி எரித்துவிட்டார்கள். தைலப் புட்டியை மூடிவிட்டு, நெடுநாளாகத் திறக்காத அந்த அலமாரியைத் திறந்தேன். கதவு முழுக்க மண்கோடு. படகுகள் இல்லை, தகவல் மையம் இல்லை. ஆணியைச் சுற்றி நகக்கண் அளவு நீலம் மட்டும் மிச்சம்.

தயாளன் எழுதியது உண்மையாகிவிட்டது. இந்த முறை நிஜமாகவே சரிபார்த்தேன்.